பெருக்கல்

கலீசியக் கடற்கரையில்
மத்தி அடைக்கும் ஆலை ஒன்றில்
பதினோரு ஆண்டு என் வேலை
நிறுத்துக்கடிகாரம் பிடிப்பது.

பெண்களின் முதுகுப் பக்கம் நிற்பேன்.
வெந்த மீனை எடுக்க ஒரு திருப்பு,
கத்தரியால் வால் நறுக்க ஒரு திருப்பு,
டப்பாவில் படுக்க வைக்க ஒரு திருப்பு.
மணிக்கட்டைத்தான் பார்ப்பேன்.
முகத்துக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீன் என்று இருந்ததைப்
பதினாலாக்கியவன் நான்.
பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை.
தட்டை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன்.
ஆளுக்கு ஒரு பெருமூச்சைக் குறைத்தேன்.
அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு
உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று
என் வீட்டுக்கு வந்தது.

இன்று தொழிலாளர் நீதிமன்றத்தில் சாட்சி.
வழக்கு போட்டவள்
ஆறாவது மேசை, சன்னல் ஓரம்.
ஒப்டூலியா என்று பெயராம்,
இன்றுதான் தெரியும்.

காப்பீட்டுச் சங்கத்து டாக்டர் நல்ல மனிதர்,
குரலை உயர்த்தாதவர்.
"நரம்பு நசுங்கியிருப்பது உண்மை.
வேலையால்தான் நசுங்கியது என்பதற்கு என்ன உறுதி?
ஐம்பத்து மூன்று வயது,
மாதவிடாய் நின்ற உடம்பு.
அம்மா, கம்பளி பின்னுவீர்களா?"
"இல்லை."
"வீடு பெருக்குவீர்களா?"
"பெருக்குவேன்."
பாருங்கள், என்பதுபோல்
நீதிபதியைப் பார்த்தார்.

இரவு மூன்று மணிக்கு
விரல்கள் தனக்கில்லாதவைபோல் கிடப்பதை,
எழுந்து உட்கார்ந்து கையை உதறுவதை,
உதற உதற எறும்பு ஊறுவதை
அவள் சொன்னாள்.
சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள்.

கம்பெனி வக்கீல் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.
விபத்து நடந்த தேதி: காலி.
நேரம்: காலி.
கண்ணால் கண்டவர்: காலி.
விழவில்லை, வெட்டுப்படவில்லை,
ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
"ஒரு செவ்வாய்க்கிழமை என்றாவது
சொல்லுங்கள் அம்மா," என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

பிறகு இரியா, அவளுடைய வக்கீல்,
நேற்றுப் படிப்பு முடித்தவள் மாதிரி இருந்தாள்,
என் பழைய நோட்டை என் முன்னாலேயே வைத்தாள்.
"நிமிடத்துக்கு எத்தனை மீன்?"
பதினாலு.
"மீனுக்கு எத்தனை திருப்பு?"
மூன்று.
"பெருக்குங்கள்."

கால்குலேட்டரை நீதிபதியே நீட்டினார்.
நாற்பத்திரண்டு.
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.
ஏழு மணி நேரம், பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது.
ஆண்டுக்கு இருநூற்று இருபது நாள்.
"நிறுத்தாதீர்கள்," என்றாள் இரியா.
பத்தொன்பது ஆண்டு.

ஏழு கோடியே முப்பத்தேழு லட்சத்து
முப்பத்தையாயிரத்து இருநூறு.

வாய்விட்டுப் படித்தேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் வகுத்துப் பிழைத்தவன்.
பொழுதை மணியாக, மணியை நிமிடமாக,
நிமிடத்தை மீனாக.
பெருக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.
எங்கள் இருவரில்
பெருக்கிப் பழகியது அவள்தான்,
அதுவும் அவளுக்கு எதிராகத்தான் போயிற்று.

கண்ணால் கண்டவர் காலி என்று
எழுதியது யார்?
கண்டவன் நான்.
கண்டு, குறித்து,
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டவன்.
இதை யாரும் கேட்கவில்லை.
இறங்கலாம் என்றார்கள், இறங்கினேன்.

தீர்ப்பு தபாலில் வருமாம்,
ஆறு வாரமோ எட்டு வாரமோ.
அதுவரை அவளுக்கு அது
சாதாரண நோய்தான்,
சாதாரணப் படிதான்.

வாசலில் மழை.
கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.
மேல் பித்தான் துளைக்குள் போக மறுத்தது.
அது பித்தான் என்பதே
அவள் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.
அருகே போய் உதவலாமா என்று நினைப்பதற்குள்,
பாழாய்ப்போன பழக்கம்,
எண்ணத் தொடங்கியிருந்தேன்.

பதினெட்டு வினாடி.

இரண்டாம் பித்தானைப் பிடித்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"இதையும் எழுதிக்கோ,"
என்றாள்.